பழைய விண்வெளிப் பொம்மைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அட்டைப்பெட்டியின் அடியிலிருந்து கையளவு பிளாஸ்டிக் விண்வெளி வீரன் ஒருவன் வெளிவந்தால் முதலில் சிரிப்பு வரும். அடுத்த நிமிடமே கேள்விகள் வரும். எந்தக் காலத்தது, ஏன் பிசுபிசுக்கிறது, இதற்குப் போய்த் தொண்டை ஏன் அடைக்கிறது? அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. சில நீளமானவை, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

எவையெல்லாம் இந்தக் கணக்கில் வரும்?

கறாரான எல்லைக்கோடு கிடையாது. பெரும்பாலும் 1950களில் தொடங்கி 1980களின் நடுப்பகுதிவரை வந்தவற்றைத்தான் சேகரிப்பவர்கள் 'பழையவை' என்கிறார்கள். அதற்கு முன்பே, 1934-இல், பக் ரோஜர்ஸ் படக்கதையை வைத்து டெய்சி நிறுவனம் ஒரு ராக்கெட் துப்பாக்கியை விற்றது. ஆனால் அது கையில் பிடித்துச் சுடுவதற்கு. பேர் வைத்துப் பேசுவதற்கு அல்ல.

உருவப் பொம்மைகளில் மூன்று கூட்டம் உண்டு. 1950களில் ஜப்பானியத் தகர ரோபோக்களும், அசையாத பிளாஸ்டிக் வீரர்களும். 1960களில் உள்ளே கம்பி வைத்த, வளைத்தால் வளையும் ரப்பர் வீரர்கள். 1970களின் பின்பாதியில் தோளும் இடுப்பும் அசையும் சின்ன உருவங்கள். முதல் கூட்டத்தில் அமெரிக்காவின் ஆர்ச்சர் நிறுவனத்து வீரர்களுக்குக் கழற்றி மாட்டும் ஒளிபுகு ஹெல்மெட் இருந்தது. கழற்ற முடிந்தது எதுவும் குழந்தையின் கையில் தங்காது என்பதால், இன்று கிடைப்பவர்களில் பலர் வெறுந்தலையர்கள்.

மனிதன் நிலாவுக்குப் போகும் முன்பே இத்தனை பொம்மைகள் எப்படி வந்தன?

பொம்மைத் தொழில் செய்தியைவிட வேகமாக ஓடியது. 1952 முதல் 1954 வரை அமெரிக்காவின் காலியர்ஸ் இதழில் வெர்னர் ஃபான் பிரவுன் விண்வெளிப் பயணம் பற்றித் தொடராக எழுதினார். செஸ்லி போன்ஸ்டெல் போன்றவர்கள் அதற்கு வண்ணப் படங்கள் வரைந்தார்கள். ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபர் 4. ஆக, உண்மையான விண்கலம் ஒன்று மேலே போவதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று குழந்தைகளுக்குத் 'தெரிந்திருந்தது': கூரிய மூக்கு, வாலில் துடுப்புகள். பழைய பொம்மை ராக்கெட்டுகளுக்கெல்லாம் அந்தத் துடுப்பு இருப்பதற்கு, இரண்டாம் உலகப்போரின் வி-2 ஏவுகணையும் ஒரு காரணம்.

பார்பி பொம்மை 1965-லேயே வெள்ளி நிற உடை மாட்டி விண்வெளி வீராங்கனை ஆகிவிட்டாள். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது நான்கு ஆண்டு கழித்து.

இந்தக் காலத்துக்கு ஒரே ஒரு பொம்மையைச் சொல்லச் சொன்னால் மேட்டல் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த மேஜர் மேட் மேசனைச் சொல்வேன். உயரம் சுமார் 15 செ.மீ. நிலவுத்தளம், ஊர்திகள், பீப்பாய் போன்ற நிலவு உடை என்று அவனுக்கு இருந்தவை பலவும் அன்றைய பொறியாளர்கள் காகிதத்தில் வரைந்து வைத்திருந்த திட்டங்களை ஒட்டியவை. அந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை நிஜத்தில் நடக்கவே இல்லை. மேட் மேசனின் நிலவுத்தளத்தில் மட்டும் நடந்தன.

அப்புறம் ஏன் அவை திடீரென்று காணாமல் போயின?

நிலவுப் பயணம் நின்றுபோனதோடு ஆர்வமும் வடிந்தது. அப்போலோ 18, 19, 20 பயணங்கள் 1970-லேயே ரத்தாகிவிட்டன. 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பிய பிறகு நிலவில் யாரும் நடக்கவில்லை. மேட் மேசன் வரிசை அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. அவனோடு சேர்த்து விளையாடத் தோதான அளவில் 1968-இல் கலர்ஃபார்ம்ஸ் நிறுவனம் ஏழு வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டுவந்தது. மெல் பிர்ன்கிராண்ட் வடிவமைத்தவை. செவ்வாய்க்கு ஒருவர், வியாழனுக்கு ஒருவர், புளூட்டோவுக்கும் ஒருவர். என் கண்ணுக்கு அந்தக் காலத்தின் மிக அழகான பொம்மைகள் அவைதான். இரண்டாவது வரிசைக்கும் அவர் வடிவங்கள் தயாராக வைத்திருந்தார். அன்று கடைக்கு அவை வரவேயில்லை.

1978 என்ற ஆண்டை எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொம்மைகள் வந்தன. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதே இவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான்.

ஒன்று, கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் உருவங்கள். படம் 1977 மே மாதம் வெளிவந்தது. இவ்வளவு ஓடும் என்று எதிர்பார்க்காததால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகவில்லை. கென்னர் என்ன செய்தது? ஓர் அட்டை உறையை விற்றது. உள்ளே பொம்மை கிடையாது. காட்சிக்கு வைக்கும் அட்டை, சில ஒட்டுப்படங்கள், ஒரு சீட்டு, அவ்வளவுதான். சீட்டைத் தபாலில் அனுப்பினால் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நால்வரும் 1978 தொடக்கத்தில் வீட்டுக்கு வருவார்கள். வெறும் வாக்குறுதியை அட்டையில் சுற்றி விற்ற துணிச்சல் இது. வாங்கினார்களா என்றால், வாங்கினார்கள்.

பொம்மையின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 9.5 செ.மீ. அதுவரை பெரும்பாலும் வழக்கத்திலிருந்த 8 அல்லது 12 அங்குல அளவில் செய்திருந்தால், அதற்கேற்ற விண்கலம் கட்டில் அளவுக்கு வந்திருக்கும். ஆளைச் சுருக்கியதால் கலத்தையும் விற்க முடிந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் இந்த அளவுக்கு இறங்கின.

இன்னொன்று, லெகோவின் விண்வெளி வீரன். யென்ஸ் நைகோர்ட் நுட்சன் வடிவமைத்த, கைகால் அசையும் லெகோ மனிதன் அறிமுகமானதும் 1978-இல்தான். முதலில் சிவப்பு, வெள்ளை, 1979-இல் மஞ்சள், 1984-இல் நீலமும் கறுப்பும். முதுகில் காற்றுக்குடுவை, மார்பில் ஒரு கோளைச் சுற்றிப் பறக்கும் கலத்தின் சின்னம், முகத்தில் இரண்டு புள்ளியும் ஒரு புன்னகையும். பெயர் இல்லை. எதிரி இல்லை. போட்ட உடைக்கு என்ன வேலை என்றுகூடச் சொல்லப்படவில்லை.

லூக்கைக் கையிலெடுத்த குழந்தைக்கு அவன் யார், எதிரி யார், கதையில் என்ன நடக்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும். மஞ்சள் வீரனைக் கையிலெடுத்த குழந்தை அத்தனையையும் தானே சொல்லியாக வேண்டும். இரண்டும் நல்ல விளையாட்டுகள்தான். ஆனால் நாற்பது வருடம் கழித்து லூக்கைப் பார்ப்பவர்கள் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மஞ்சள் வீரனைப் பார்ப்பவர்கள் தங்கள் அறையைப் பற்றி, தம்பியைப் பற்றி, மேசைக்கு அடியில் இருந்த 'நிலா'வைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஜப்பானியப் பொம்மைகளை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை. தகரத் தகட்டில் வண்ணப்படம் அச்சடித்து, பிறகு அழுத்தி வளைத்து, ஓரத்து நாக்குகளை மடித்துக் கோத்த ரோபோக்கள் தனி உலகம். மசுதாயா, நோமுரா, ஹோரிகாவா, யோனெசாவா என்று நிறுவனங்களின் பெயரைச் சொன்னாலே சேகரிப்பவர்களின் கண் விரியும்.

பிளாஸ்டிக்கில் முக்கியமானது தகாரா நிறுவனத்தின் மைக்ரோமேன், 1974. அதற்கு முந்தைய ஹென்ஷின் சைபோர்க் பெரிய பொம்மை. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியதும் சுமார் 10 செ.மீ. அளவுக்குச் சுருங்கியது. அமெரிக்காவில் மெகோ நிறுவனம் அதை மைக்ரோநாட்ஸ் என்று 1976-இல் விற்றது. 1984-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் சிலவும் மைக்ரோமேன் வரிசையிலிருந்து பிறந்தவைதான். அந்த மெகோதான் ஸ்டார் வார்ஸ் உரிமை தேடி வந்தபோது வேண்டாம் என்றது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் திவாலானது.

என் நினைவில் பெரிதாக இருந்தது. இப்போது பார்த்தால் சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறது. வேறு பொம்மையா?

அதே பொம்மைதான். வளர்ந்தது உங்கள் கை. அதோடு, தரையில் குப்புறப் படுத்து, கண்ணைப் பொம்மையின் மட்டத்தில் வைத்துத்தான் நாம் விளையாடினோம். அந்தக் கோணத்தில் 4 செ.மீ. வீரனும் வானளாவ நிற்பான். சந்தேகமிருந்தால் இப்போதும் ஒருமுறை படுத்துப் பாருங்கள். (எழுந்திருப்பதற்கு யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக இப்படி ஏங்குவது சரியா? எனக்கே கூச்சமாக இருக்கிறது.

1688-இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் இப்படிப்பட்ட ஏக்கத்தை நோய் என்றே எழுதிவைத்தார். ஊரைவிட்டு வெகுதூரம் போனவர்களிடம் கண்ட வாட்டம் அது. இன்றைய ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். பிரிட்டனின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் செடிகிடீஸ், டிம் வில்ட்ஷட் ஆகியோர் பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறார்கள். பழசை நினைப்பவர்களுக்குத் தாங்கள் மற்றவர்களோடு பிணைந்திருக்கிறோம் என்ற உணர்வு கூடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. தனிமையாக உணரும்போதுதான் இந்த ஏக்கம் அதிகம் தலைதூக்குகிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

கவனித்துப் பாருங்கள், பொம்மை மட்டும் தனியாக நினைவுக்கு வருவது அபூர்வம். யார் வாங்கித் தந்தார்கள், யார் உடைத்தார்கள், யாரோடு சண்டை என்பதும் கூடவே வரும். விண்வெளிப் பொம்மைக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. காரோ ரயிலோ அன்று இருந்த உலகத்தின் பொம்மை. விண்வெளி வீரனோ இனி வரப்போகும் உலகத்தின் பொம்மை. அவனோடு விளையாடிய குழந்தை, தான் பெரியவராகும்போது நிலாவில் ஊர் இருக்கும் என்று நம்பியது. நடந்துமுடிந்த ஒன்றுக்காக ஏங்குவது ஒரு வகை. நடக்காமல் போன ஒன்றுக்காக ஏங்குவது வேறு வகை. இந்தப் பொம்மைகள் இரண்டையும் சேர்த்தே கிளறிவிடுகின்றன. கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெண் உருவங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பையன்களுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்று நிறுவனங்கள் முடிவு செய்துகொண்டதால். வாலண்டினா தெரஷ்கோவா 1963-லேயே பூமியைச் சுற்றிவிட்டார். பொம்மை அலமாரிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. லேயா ஒரு விதிவிலக்கு, பார்பி இன்னொன்று. லெகோ வீரனின் புள்ளிமுகத்துக்கு ஆண் பெண் அடையாளம் கிடையாது என்பதால் பல சிறுமிகள் அவனை அவளாக்கி விளையாடினார்கள். நிஜமான நாசா பெண்களை லெகோ தனிப் பெட்டியாகக் கொண்டுவந்தது 2017-இல்தான். சாலி ரைடும் மே ஜெமிசனும் அதில் உண்டு.

பொம்மை பிசுபிசுக்கிறது. வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. மஞ்சளாகிவிட்டது. என்ன நோய்?

மூன்றும் மூன்று நோய்.

பிசுபிசுப்பு பிவிசியின் குணம். அதை மென்மையாக்கச் சேர்த்த இளக்கி எண்ணெய் வருடக்கணக்கில் மெதுவாக மேற்பரப்புக்கு வந்து கசிகிறது. இதனால் வரும் பெரிய ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. மென்மையான பிவிசி கையோ காலோ கெட்டி பிளாஸ்டிக்கின் மேல் நெடுநாள் அழுந்திக் கிடந்தால், அந்த எண்ணெய் கெட்டிப் பிளாஸ்டிக்கை இளக்கிக் குழி பறித்துவிடும். வீரனைக் கலத்தின் இருக்கையிலேயே உட்காரவைத்துப் பெட்டியில் மூடிவைத்தவர்கள், திறக்கும்போது அவன் உருவம் இருக்கையில் பதிந்திருப்பதைக் காண்பார்கள். அது சரியாகாது.

வெள்ளைப் பொடியும் உள்ளே சேர்த்த பொருட்கள் வெளியேறுவதுதான். பெரும்பாலும் துடைத்தால் போகும், சில மாதத்தில் மறுபடி வரும்.

மஞ்சள் நிறம் ஏபிஎஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வருவது. புறஊதா ஒளியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலை. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்ற முறை 2008 வாக்கில் பழைய கணினிப் பிரியர்களிடையே பரவியது. வெளுக்கும், உண்மை. ஆனால் மஞ்சள் திரும்ப வரலாம், திட்டுத்திட்டாகவும் ஆகலாம். ஊரெல்லாம் சிபாரிசு செய்தாலும் நான் செய்யமாட்டேன்.

மேட் மேசன் வகை ரப்பர் வீரர்களுக்கு வேறு பிரச்சினை: உள்ளே இருக்கும் கம்பி முறிந்துவிடும், மூட்டுகளில் பூசிய கறுப்புச் சாயம் உரிந்துவிடும். கம்பி முறியாதவன் கையில் கிடைத்தால், தயவுசெய்து 'இன்னும் வளைகிறானா' என்று பார்க்காதீர்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி வைப்பது?

வெதுவெதுப்பான நீர், ஓரிரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மென்மையான பல்துலக்கி. அவ்வளவே. தின்னர், அசிட்டோன், சாராயம் கலந்த துடைப்பான் எதுவும் வேண்டாம், சாயம் போய்விடும். அச்சடித்த சின்னத்தின் மேல் தேய்க்கவே வேண்டாம். காகித ஒட்டுப்படம் உள்ளவற்றையும் தகரப் பொம்மைகளையும் தண்ணீரில் போடக்கூடாது. தகரத்தின் மடிப்புக்குள் ஈரம் தங்கினால் துரு உள்ளிருந்து தொடங்கும். பேட்டரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். வெயில் படாத, சூடேறாத இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வையுங்கள். மென்மையானவற்றைக் காற்றுப்புகாத பைக்குள் பூட்டிவைப்பதும் நல்லதல்ல.

ஹெல்மெட்டின் தாடைப்பகுதி உடைந்திருக்கிறது. மாற்றலாமா?

லெகோ வீரர்களின் முதல் ஹெல்மெட்டில் தாடையைச் சுற்றும் பட்டை மிக மெல்லியது. மாட்டிக் கழற்றும்போது நடுவில் விரிசல் விடும். அநேகமாக எல்லோருடையதும் அதே இடத்தில்தான் உடைந்தது. 2014-இல் வந்த லெகோ திரைப்படத்தில் நீல வீரனை அந்த விரிசலோடும் தேய்ந்த சின்னத்தோடும்தான் காட்டினார்கள். திரையரங்கில் பெரியவர்கள் சிரித்த இடம் அது. மாற்று ஹெல்மெட் கிடைக்கும். உங்களுடைய வீரன் என்றால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். விலைக்கு வாங்கியவன் என்றால் உங்கள் விருப்பம்.

என் ஸ்டார் வார்ஸ் பொம்மையின் காலில் 1977 என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் முதல் ஆண்டுப் பொம்மையா?

அவசியமில்லை. அது பதிப்புரிமை ஆண்டு. அதே அச்சிலிருந்து பல வருடம் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஹாங்காங், தைவான், மக்காவ், சீனா என்று எந்த நாட்டுப் பெயர் பொறித்திருக்கிறது, எழுத்து எப்படி அமைந்திருக்கிறது, சாயத்தின் நிறம் என்ன என்பதையெல்லாம் ஒப்பிட்டுத்தான் காலத்தைச் சொல்வார்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

உருவத்தைவிட, கூட வந்த சின்னச் சாமான்களில்தான் ஏமாற்று அதிகம். துப்பாக்கி, வாள், மேலங்கி. தொலைந்துபோனவை இவைதான் என்பதால் புதிதாக வார்த்து விற்பவர்கள் ஏராளம். தண்ணீரில் போட்டால் மிதக்கும், மூழ்கும் என்று சோதனைகள் சொல்வார்கள். ஒரே சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உறுதியான அசலோடு பக்கத்தில் வைத்து, விளிம்பின் கூர்மை, பளபளப்பு, வளையும் தன்மை ஆகியவற்றை ஒப்பிடுவதே மேல்.

பிரபலமான உதாரணம் ஸ்டார் வார்ஸ் வரிசையின் ஜாவா என்ற குள்ள உருவம். ஆரம்பத்தில் வினைல் என்ற பிளாஸ்டிக் மேலங்கியோடு வந்தது. மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணிக்கு மாற்றினார்கள். அதனால் வினைல் அபூர்வமானது. அதனாலேயே வேறு பொம்மையின் வினைல் அங்கியை வெட்டி மாட்டி விற்கவும் தொடங்கினார்கள்.

ஸ்டார் வார்ஸ் வரிசையில் ராக்கெட் பாயும் போபா ஃபெட் பொம்மை என்னிடம் இருந்தது என்று நினைவு. உண்மையா?

கடை வழியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரம் வந்தது உண்மை. ஆனால் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்த பிறகு, கென்னர் ராக்கெட்டை அசையாமல் ஒட்டித்தான் அனுப்பியது. விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்ட நினைவும் கையில் வைத்திருந்த நினைவும் வருடங்களில் கலந்துபோவது சகஜம்.

பெட்டி பிரிக்காத பொம்மைதான் உயர்ந்ததா?

சந்தையில் ஆமாம். அட்டையின் மூலை மடியாமல், பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளாகாமல் இருந்தால் மதிப்பு பலமடங்கு. எனக்கு அந்த ஆசை புரிகிறது, ஆனால் ஒட்டவில்லை. யாரும் தொடாத பொம்மையில் அச்சுக்கலையின் வரலாறு இருக்கிறது. மூக்கு தேய்ந்த பொம்மையில் ஒரு குழந்தையின் வரலாறு இருக்கிறது. கட்டைவிரல் எங்கே பட்டுப் பட்டுச் சின்னம் அழிந்தது என்பதை வைத்து, அதன் சொந்தக்காரர் எந்தக் கையால் எடுப்பார் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இந்தப் பொம்மைகளில் உண்மையாகவே விண்வெளிக்குப் போனவை உண்டா?

உண்டு. 2008-இல், டாய் ஸ்டோரி படத்தில் வரும் விண்வெளி வீரனான பஸ் லைட்இயரின் பொம்மை ஒன்று டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியது. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. 2011-இல் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில் அலுமினியத்தில் செய்த மூன்று லெகோ உருவங்கள் உண்டு: கலிலியோ, ஜூபிடர், ஜூனோ. 2016-இல் வியாழனை அடைந்தன.

பொம்மை என்று சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. பெல்ஜியச் சிற்பி பால் வான் ஹூய்டொங்க் செய்த 8.5 செ.மீ. அலுமினிய விண்வெளி வீரன். 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 குழுவினர் அதை நிலவு மண்ணில் படுக்கவைத்து, உயிர்நீத்த 14 விண்வெளி வீரர்களின் பெயர் பொறித்த தகட்டைப் பக்கத்தில் நட்டுவிட்டு வந்தார்கள். கென்னர் உருவங்களைவிட ஒரு செ.மீ. குட்டை.

புதிதாக மறுபதிப்பு வருகிறதே, அதை வாங்கினால் போதாதா?

விளையாட வேண்டுமென்றால் தாராளமாகப் போதும். 1979-இன் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் கலத்தை லெகோ 2022-இல் பெரிதாக்கி மறுபடி கொண்டுவந்தது. அளவைக் கூட்டியதுதான் அவர்களின் சாமர்த்தியம்; பெரியவர் கையில் அது, அன்று குழந்தையின் கையில் இருந்த அளவுக்கு இருக்கும்.

என் பழைய பொம்மைகளை என் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாமா?

வாயில் வைக்கும் வயது என்றால் வேண்டாம். 2018-இல் பிளைமவுத் பல்கலைக்கழகம் பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் 200-ஐப் பரிசோதித்தபோது பலவற்றில் ஈயம், காட்மியம் போன்றவை இருந்தன. குறிப்பாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில். காரணம், அன்றைய சாயங்களுக்கு இன்றைய கட்டுப்பாடுகள் இல்லை. 1950களின் ஈய வார்ப்பு உருவங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சாயம் உரிந்தவை, பிசுபிசுப்பவை, விழுங்கும் அளவுள்ளவை அலமாரியிலேயே இருக்கட்டும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால், நல்ல நிலையிலுள்ள ஒன்றிரண்டைக் கொடுங்கள். விளையாடி முடித்ததும் கைகழுவச் சொல்லுங்கள். கொடுக்கும்போது 'இவன் பெயர் இது, இவன் இப்படித்தான் பறப்பான்' என்று நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம். பிள்ளை அவனை டைனோசருக்குச் சமையல்காரனாக்கினாலும் வாயைத் திறக்காதீர்கள்.